நாற்பத்திரண்டு மூடிகள்

இன்று காலை எத்தனை மாத்திரை விழுங்கினீர்கள் என்று உங்களைக் கேட்கப்போவதில்லை. நம் வயதில் அது பெயர் கேட்பதைப் போல. எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். எனக்கு ஐந்து. காலையில் மூன்று, இரவில் இரண்டு. விழுங்குவதற்கு முன் ஒருமுறை எண்ணுவேன், விழுங்கியபின் காலி உறையை ஒருமுறை எண்ணுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் உயிர் ஒரு தடவை ஒரு எண்ணிக்கையில் தங்கி நின்றது அவர்களுக்குத் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள் அல்லவா, அங்கே எனக்கு எப்போதும் ஒரே சங்கடம். திரையைப் பார்க்கும் இளம் டாக்டர் புருவத்தைத் தூக்கி, "வலது பக்கம் ஒரு பழைய தழும்பு இருக்கே, டிபி வந்திருந்ததா?" என்பார். "டிபி மாத்திரை சாப்பிட்டேன், ஆனால் டிபி இல்லை, பூஞ்சை" என்பேன். "எப்படிச் சரியாச்சு?" என்பார். "காப்ஸ்யூல். அதோடு கலர் குடித்தேன்" என்பேன். இந்த இடத்தில் அவர் என் சீட்டை எடுத்து வயதை இன்னொரு தரம் பார்ப்பார். இதுவரை ஏழு டாக்டர்கள் அப்படிப் பார்த்துவிட்டார்கள். எட்டாமவருக்கு விளக்கத் தெம்பில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடி பாட்டிலில் கலர் குடித்து, காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்த கடைசித் தலைமுறை நாம்தான். உங்களுக்குப் புரியும். கறுப்போ ஆரஞ்சோ, பாட்டிலில் வரும் எல்லாக் குளிர்பானத்துக்கும் எங்கள் வீட்டில் கலர் என்றுதான் பெயர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய பையன். ஓசூரில் மத்திகிரிப் பக்கம், வரிசையாக ஐந்து வீடுகளும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாயும் உள்ள லைன் வீட்டில், மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, நான். அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவர். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு பார்க்கும் வேலை. வெர்னியர் என்னும் அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பாகத்தை வைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்பார். வரைபடத்தில் உள்ளபடி இருந்தால் உள்ளே போகும். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்கிவிடுவார். அந்தச் சீட்டில் எத்தனை என்றும் என்ன காரணம் என்றும் எழுத இரண்டு கோடுகள் இருக்கும். வீட்டில் சொந்தமாகவும் ஒரு பழைய வெர்னியர் வைத்திருந்தார், பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டியில். தோசையின் கனத்தை அதில் அளந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

வீட்டுக்காரம்மா பின்பக்கம் ரோஜா வளர்த்தார். முப்பத்தாறு செடிகள். வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். "ஏம்ப்பா தம்பி, வௌவால் எரு போட்டா ரோஜா இம்மாம் பெருசு வரும்னு சொல்றாங்களே, எங்கயாவது கெடைக்குமா?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு இடம் தெரியும். கம்பெனிக்குப் போகும் வழியில் பல வருடங்களாக மூடிக்கிடந்த ஒரு ஷெட். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்குப்பைகளோடு என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த இடம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. பதினேழு கம்பிகள் எண்ணினேன். மேலே இரும்புச் சட்டங்களில் வௌவால்கள் கறுப்புத் துணிகள்போலத் தொங்கின. தரையில் எரு கணுக்கால் அளவு. அப்பா மண்வெட்டியால் அள்ள, நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு அள்ளுக்கும் கேழ்வரகு மாவைப் போலத் தூசி எழுந்து அந்த வெயில் கம்பிகளில் சுற்றியது. அழகாக இருந்தது, வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். பதினான்கு தடவை தும்மினேன். அப்பா சிரித்தார். ஆறு மூட்டை கட்டினோம்.

அப்பாவுக்கு ஒரு வாரம் இருமல், பிறகு சரியாகிவிட்டது. ரோஜா உண்மையாகவே பெரிதாகப் பூத்தது. எனக்கு வந்த இருமல் போகவில்லை.

சாயங்காலமானால் காய்ச்சல். ராத்திரி வியர்த்துச் சட்டை நனையும். இருபத்து நான்கு கிலோ இருந்தவன் இருபத்தொன்றுக்கு வந்தேன். ஓசூர் டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, டிபி என்று மாத்திரை ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அப்படி இருமும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவர் சொன்னதை முழுதாக நம்பவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை நோய்க்குப் பெயர் ஓசூர். கரிசல் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்க் குளிரே ஒரு நோய்.

"நம்ம ஊர்ல இருந்திருந்தா இந்த நெஞ்சுச் சளி வருமா? பனி இறங்குத ஊர்ல கொண்டாந்து வச்சிருக்கீங்க பிள்ளைய" என்பார் அப்பாவிடம்.

"நானா பனியப் பெய்யச் சொன்னேன்?" என்பார் அப்பா.

பனிக்குப் பரிகாரமாக எனக்கு ஒரு குரங்குக் குல்லா. இரண்டு ஸ்வெட்டர். எதைக் குடித்தாலும் வெந்நீர். மாத்திரைகள் விடியற்காலை ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில். டிபி மாத்திரைக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், அம்மா ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அக்கா அதைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய்ச் சொல்லிவிட்டாள். என் டம்ளர் வேறு யாருடையதோடும் கலந்துவிடக்கூடாது என்று, தன் நகப்பூச்சால் அதன் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்ததும் அவள்தான். வீட்டுக்காரம்மா, "பாபு, நீ கொழாய் கிட்ட வராத கண்ணா, அம்மாவ அனுப்பு" என்பார். அதட்டலாகச் சொல்லமாட்டார். அதனால்தான் அழுகை வரும்.

நான்கு மாதம் ஆயிற்று. காய்ச்சல் குறையவில்லை. அப்பா கம்பெனியில் கடைசி ஷிப்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப்போனார். அம்மாவும் வந்தார்.

அங்கே நெஞ்சு டாக்டர் கன்னடக்காரர். தமிழும் பேசுவார், கன்னடம் கலந்து. மெல்லிய குழாயொன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டுச் சளியெடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வாரம் போனபோது அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியே இல்லை.

"வீட்ல புறா இருக்கா? கோழி? வௌவால் இருக்கற எடத்துக்கு எங்கயாவது போனீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "ரோஜாவுக்கு எரு அள்ளப் போனோம் சார். நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"அதுதான். டிபி அல்ல. பூஞ்சை. வௌவால் எருவுல வளரும், தூசியில கலந்து மூச்சோட உள்ள போயிருக்கு. உங்க ஒடம்பு அதத் தள்ளிடுச்சு. இவனுது தள்ளல. இன்னொருத்தருக்கு ஒட்டாது. தட்டு, டம்ளர் எல்லாம் ஒண்ணாவே வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதும் எனக்கு நோய் பாதி சரியானதுபோல இருந்தது. டாக்டர் பாதி நீலமும் பாதி ரோஸுமாக இருந்த ஒரு காப்ஸ்யூலைக் காட்டினார். பழைய மாத்திரைகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் தெளிவாகக் கேட்டோம்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வயிறு நெறைய சாப்பிட்ட ஒடனே. கூடவே அரை டம்ளர் கோலா. சின்ன பாட்டில் ஒண்ணு ரெண்டு வேளைக்கும் ஆகும். அந்தப் புளிப்புலதான் இந்த மருந்து கரையும். வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து எதுவும் குடுக்கவே கூடாது, அது புளிப்பக் கொன்னுடும். இதுக்குக் கேக்கலேன்னா இங்கயே அட்மிட் பண்ணி மூணு நாலு வாரம் தெனமும் ஊசி ஏத்தணும். அது கஷ்டமான ஊசி. கிட்னியையும் பாத்துக்கணும். அங்க போகாம இருக்கப் பாப்போம்."

பிறகு என்னைக் கிட்டே இழுத்தார். "ஏனு மரி, தினம் ஒரு பாட்டில், தினம் ஒரு மூடி. சேத்து வை. அடுத்த தடவ எண்ணிச் சொல்லணும். சரியா?"

மரி என்றால் கன்னடத்தில் குட்டி. நான் அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஓசூர் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது. பிறகு அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏங்க, நெஞ்செல்லாம் சளி கட்டிக் கெடக்கு. இந்தப் பனியில கலரு குடுக்கச் சொல்லுதாரே?"

"எனக்கும் அதாம் ஓடுது. பிள்ள பயந்து போயிருக்கான்னு குஷிக்குச் சொல்லியிருப்பாரு."

"மூடியச் சேத்து வைய்யின்னாருல்லா. வெளையாட்டுக்குத்தான்."

"பெங்களூர்க்காரவுகளுக்கு இந்தக் குளிரு பழக்கம். நம்ம ஒடம்பு வேற."

இப்படித்தான் அது முடிவாயிற்று. கார்த்திகை மாதம், காலை ஒன்பது மணிக்கும் மூடுபனி விலகாத ஊர். கம்பெனியில் ஒரு பாகம் மயிரிழை மாறினாலும் சிவப்புச் சீட்டுக் கட்டும் அப்பா, டாக்டர் கொடுத்த வரைபடத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே திருத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மிச்சத்தையும் திருத்தினார். மருந்து என்றால் வெறும் வயிற்றில்தான் பிடிக்கும் என்பது நான்கு மாதப் பழக்கம். ஆகவே விடிகாலை ஐந்தரைக்கு, வெந்நீரில். இரவுக் காப்ஸ்யூலும் சாப்பாட்டுக்கு ஒருமணி நேரம் முன்னால். இவ்வளவு வீரியமான மருந்து வயிற்றைப் புண்ணாக்காதா? அதற்காக, நெஞ்செரிச்சலுக்கு அப்பா வாங்கி வைத்திருந்த ரோஸ் நிற மருந்தில் இரண்டு கரண்டி. டாக்டர் எதையெல்லாம் கூடாது என்றாரோ அதையெல்லாம் அவ்வளவு அன்போடு செய்தார்கள்.

"அம்மா, கலர்?" என்று முதல்நாள் கேட்டேன்.

"வெயில் வரட்டும்."

இரண்டாம் நாளும் கேட்டேன். மூன்றாம் நாள் அக்கா முந்திக்கொண்டாள். "தொரைக்குக் கலர் கேக்குதோ? இருமிக்கிட்டே கலர் குடிச்சா மூக்கு வழியா நொரை வரும்ல, பாப்பமா?"

அதன்பிறகு நான் கேட்கவில்லை. சத்துபான டப்பா ஒன்றைக் கழுவி மூடிகளுக்காக வைத்திருந்தேன். தினமும் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். காலியாக இருப்பதையும் எண்ணிக்கொண்டேன்.

அப்பா நோயைத் தன் வழியில் கவனித்தார். அந்தக் காலத்தில் எக்ஸ்ரே என்றால் கையில் பிடிக்கும் ஒரு பெரிய கறுப்புத் தாள், மடக்கினால் தகரம்போலச் சத்தம் போடும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என் வலது நெஞ்சிலிருந்த எலுமிச்சம்பழம் போன்ற வெள்ளை நிழலை வெர்னியரால் அளந்தார். முப்பத்து நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். உறையின்மேல் பென்சிலில் எழுதி வைத்தார். நாற்பத்திரண்டாம் நாள், பெங்களூர் போவதற்காக எடுத்த புதுப் படத்தையும் அளந்தார். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. தாடைகளைத் துணியால் துடைத்துவிட்டு நான்காம் முறை. முப்பத்து நான்கு புள்ளி நான்கு.

"கூடியிருக்கா?" என்றார் அம்மா.

"அளவுல முன்ன பின்ன வரும்" என்றார் அப்பா. அவருடைய அளவில் அப்படி வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "ஏலே, டாக்டர் கேட்டா, நீங்க சொன்னபடியேதான் சாப்புடுதேன்னு சொல்லு. இல்லன்னா வைவாரு."

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பழைய படத்தையும் பக்கத்தில் மாட்டினார். மேசைக்குத் திரும்பி வந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்தார்.

"கொஞ்சமாவது சுருங்கியிருக்கணும். சுருங்கல. மருந்து எப்படிக் குடுத்தீங்க?"

"நீங்க சொன்னபடியே சார்" என்றார் அப்பா.

"அப்போ இது ஊசிக்குத்தான் கேக்கும் போல. நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க." எழுதத் தொடங்கினார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. டாக்டர் தலை நிமிராமலே, என்னைத் தேற்றுவதற்காக என்று நினைக்கிறேன், கேட்டார்:

"ஏனு மரி, மூடி எத்தன ஆச்சு?"

அப்பா சொல்லிக்கொடுத்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. இது எண்ணிக்கை. எண்ணிக்கையில் பொய் சொல்ல எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

"சைபர்" என்றேன்.

பேனா நின்றது.

"அவனுக்கு ஞாபகம் இருக்காது சார், சின்னப் பய" என்றார் அப்பா அவசரமாக.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்கு. காப்ஸ்யூல் எம்பத்து நாலு. மூடி சைபர்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான், அம்மா உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினார். விடிகாலை, வெறும் வயிறு, வெந்நீர், பனி, கரிசல்காடு, ரோஸ் மருந்து இரண்டு கரண்டி. "பிள்ளைக்கு வயிறு எரியுமேன்னுதான் சார்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. எழுதிய தாளை இரண்டாக, நான்காகக் கிழித்தார். "அய்யோ தேவரே! அம்மா, இந்த நாப்பத்திரண்டு நாளும் அவன் வெறும் உறையத்தான் முழுங்கியிருக்கான். உள்ள இருந்த மருந்து கரையவே இல்ல, அப்படியே வெளிய போயிருக்கு." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீங்க என்ன வேலை?"

அப்பா சொன்னார்.

"டிராயிங்ல பத்துன்னு போட்டிருந்தா, மெஷின்ல இருக்கறவர் தனக்குத் தோணினபடி ஒன்பதரையா செஞ்சு குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

அப்பா கிழிந்த தாளைப் பார்த்தபடி சொன்னார். "சிவப்புச் சீட்டுக் கட்டிருவோம் சார்."

"ரெண்டு மாசம் தர்றேன். இந்தத் தடவ நான் சொன்னபடி. சுருங்கலேன்னா ஊசிதான், வேற வழி இல்ல."

மறுநாளே லைன் வீட்டு முனையிலிருந்த பெட்டிக்கடைக்காரர் ஒரு பெட்டி நிறையக் கறுப்பு கலர் பாட்டில்களைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். இருபத்து நான்கு பாட்டில்கள். "என்னாம்மா விசேசம்? பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் அக்காவைப் பார்த்து. மருந்துக்கு என்று அம்மா சொன்னதும், "மருந்துக்கா? அந்த டாக்டரு பேரு சொல்லு, எனக்கும் நாலு நாளா இருமல் இருக்குது" என்றார்.

ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் கூடிவிட்டார்கள். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்று இட்லி, பிறகு காப்ஸ்யூல், பிறகு அந்த முதல் பாட்டில். ஆனால் அம்மாவால் முழுதாகத் தோற்க முடியவில்லை. குளிர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லையே! பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கால்மணி நேரம் நிற்கவைத்துச் சூடாக்கித்தான் கொடுத்தார். சூடான கலர் குடித்திருக்கிறீர்களா? வெல்லம் போட்ட இருமல் மருந்துபோல இருக்கும். இரவுக்கு வைத்த பாதியில் நுரையும் இருக்காது. அக்கா பொறாமை தாங்காமல் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, "சீ, நீயே குடி" என்று டம்ளரை வைத்தாள். அன்றோடு என் ராஜபோகம் பார்க்க வந்த கூட்டமும் கலைந்தது.

டம்ளர் என்றதும் ஞாபகம் வருகிறது. நோய் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன வாரமே, அடியிலிருந்த சிவப்புப் பொட்டை அக்காவே கத்தியால் சுரண்டினாள். முழுதாகப் போகவில்லை. "இனிமே இது எனக்கு" என்று அதை எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கும் முறை அவளுக்கு அதுதான். வீட்டுக்காரம்மா ஒரு ரோஜாவைக் கொண்டுவந்து நின்றார். "என் செடிக்குத்தானே பாபு போன..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அடுத்த நாள் நானே வாளியோடு குழாய்க்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிரம்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். வாளி எனக்குத் தூக்க முடியாததாக இருந்தது, அது வேறு.

பதினோராம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் இல்லை. அம்மா சொல்லாமல் வைத்துக்கொண்டார். சொன்னால் திரும்பி வந்துவிடும் என்ற பயம். நானும் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தை அப்பா ஜன்னலில் பிடித்து அளந்தார். இருபத்தொன்று. வெர்னியரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், முகம் கழுவிக்கொண்டு.

பங்குனியில் மலைக்கோயிலுக்குப் போனோம். நாற்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். சித்திரையில் நூற்றுப் பதினேழாம் படிவரை போனேன். வைகாசியில் உச்சிவரை ஏறிவிட்டேன். அக்காதான், "நில்லுடா, எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். அந்த வாக்கியத்தை அவளிடம் திரும்ப மூன்று தடவை சொல்லச் சொன்னேன். கீழே ஓசூர் முழுவதும் தகரக் கூரைகளாக மின்னியது. எந்தக் கூரை அந்த ஷெட்டினுடையது என்று தேடினேன், தெரியவில்லை. இருபத்தேழு கிலோ ஆகியிருந்தேன். ஒரு வருடப் படிப்புப் போயிற்று. பல்லில் இரண்டு சொத்தை வந்தது, அதுவும் கலரின் கணக்குத்தான். போகட்டும்.

கடைசியாகப் பெங்களூர் போனது ஆடி மாதம். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து எண்ணினேன். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு. டாக்டரிடம் சைபர் என்று சொன்ன நாளுக்குப் பிறகு இருநூற்றுப் பதினான்கு நாள். எண்ணி முடித்தபோது இருநூற்று ஐம்பத்தாறு வந்தது. திரும்ப எண்ணினேன். அதேதான். நடுநடுவே ஆரஞ்சு நிற மூடிகள், இரண்டு மூன்று பச்சை. என் கலரின் மூடி சிவப்பு மட்டும்தான்.

"அப்பா, இதுல யாரோ கலந்திருக்காங்க."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பேசாம வாலே, வாந்தி வந்துரும்."

டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? எந்த எண்ணைச் சொல்வது?

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இந்தத் தடவை வெகுநேரம் பார்க்கவில்லை. "முடிஞ்சுது. இது பூஞ்சை இல்ல, வெறும் தழும்பு. வயசாகற வரைக்கும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. காப்ஸ்யூல நிறுத்திடலாம்" என்றார். அம்மா கைகூப்பினார்; கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார். அப்பா தன் பையிலிருந்து மரப்பெட்டியை எடுத்தார்.

"சார், ஒரு தடவ அளந்துக்கிடட்டுமா?"

டாக்டர் சிரித்து விலகி நின்றார். அப்பா விளக்குப் பெட்டியின்மேல் தாடைகளை வைத்தார். "ஆறு புள்ளி ஒண்ணு" என்றார்.

"பாஸா?"

"பாஸ் சார்."

அதற்குப் பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மரி, எண்ணிக்க?"

"என் கணக்குல இருநூத்துப் பதினாலு. டப்பாவுல இருநூத்து அம்பத்தாறு" என்றேன். "நான் போடல."

டாக்டர் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். ஓர் ஆரஞ்சு மூடியை எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் யாரு குடிச்சது?"

அப்பா வெர்னியரைப் பெட்டியில் வைத்து, கொக்கியை மாட்டி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அது நான் போட்டது சார். பெட்டிக்கடையில பொறுக்குனது. அன்னிக்கு உங்ககிட்ட, சொன்னபடியே குடுத்தோம்னு சொன்னேன்ல... குடுக்காம விட்ட அந்த நாப்பத்திரண்டு நாளுக்கு. காப்ஸ்யூலு தின்ன நாளும் மூடியும் ஒத்து வரட்டும்னு. அந்த எருவக் கிண்டப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனதும் நாந்தான்." ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தது. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மற்ற நோயாளிகள் வெளியே காத்திருக்க, டாக்டர் சிவப்பல்லாத மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். நானும் கூடவே எண்ணினேன். நாற்பத்திரண்டு. சிவப்பு மூடிகளை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இது உன் கணக்கு. சரியா வச்சிருக்க." மற்றவற்றை அள்ளி அப்பாவின் கையில் வைத்தார். "இது உங்களுது. அவன் கணக்குல சேக்கக்கூடாது." பிறகு என்ன நினைத்தாரோ, அதிலிருந்து ஒரே ஓர் ஆரஞ்சு மூடியைத் திரும்ப எடுத்துத் தன் பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டும். தெனமும் நாலு அப்பா வந்து, 'நீங்க சொன்னபடியே சார்'ங்கறாங்க. அவங்களுக்குக் காட்டணும்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும். ஓசூர் வரும்வரை அப்பாவின் சட்டைப்பையில் மூடிகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. பஸ் நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் கலர் வாங்கிக்கொடுத்தார். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்தது, பாட்டிலைச் சுற்றி நீர் வழிந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிர்ந்த கலர் அப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

என் இருநூற்றுப் பதினான்கு மூடிகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஐந்து வீடு மாறினோம், எதிலோ தங்கிவிட்டன. அந்தப் பெரிய கறுப்புப் படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டன. அப்பா நன்றாக வாழ்ந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் போனார். அவருடைய பொருள்களைப் பிரிக்க அக்காவும் நானும் உட்கார்ந்தோம். வெர்னியர் பெட்டி எனக்கு என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். திறந்தேன். பச்சைத் துணியின்மேல் வெர்னியர், அதன் கீழே ஒரு சிறு துணிப்பை, வாயில் கம்பியால் கட்டிய சிவப்புச் சீட்டு. கம்பெனிச் சீட்டுத்தான். எத்தனை, என்ன காரணம் என்று அந்த இரண்டு கோடுகள். அப்பாவின் கையெழுத்து.

எண்ணிக்கை: 41.

காரணம்: செய்முறை மாற்றப்பட்டது.

"எண்ணுடா, எண்ணாம உனக்கு இன்னிக்குத் தூக்கம் வருமா?" என்றாள் அக்கா.

தரையில் கொட்டி எண்ணினேன். ஆரஞ்சு முப்பத்தெட்டு, பச்சை மூன்று. டாக்டர் மேசையில் ஒன்று.

சரியாக இருந்தது.